ராம்சே தெரு முடிந்த இரவு

கதவு தட்டும் சத்தம் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. மெல்பர்னுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த நாலு மாதத்தில் பார்சல் கொண்டுவருபவரைத் தவிர ஒருவர்கூட எங்கள் கதவைத் தட்டியதில்லை. 2022 ஜூலை 28, வியாழக்கிழமை. குளிர்காலம், ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. வீட்டுக்காரர் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. திறந்தால் பக்கத்து வீட்டு அம்மா நிற்கிறார். கையில் டிஷ்யூ பெட்டி, கண் இரண்டும் சிவந்திருக்கிறது.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. தனியாக இருப்பவர், மகன் பெர்த்தில். அவனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இன்றைக்கு நெய்பர்ஸ் முடிகிறது, லவ். தனியாகப் பார்க்க முடியும் என்று தோன்றவில்லை. கொஞ்ச நேரம் வந்து உட்காருகிறாயா?"

நாடகம்! நிம்மதியில் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அடுப்பில் இருந்த ரசத்தை இறக்கி வைத்துவிட்டு, வீட்டில் போட்டிருந்த ஸ்வெட்டரோடு அப்படியே அவர் பின்னால் போனேன். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். என் அம்மாவைவிட மூத்தவர். நாக்கு வரவே இல்லை. எனக்குள் அவர் பக்கத்து வீட்டு அம்மாதான்.

நெய்பர்ஸ் தொடங்கியது 1985 மார்ச்சில். எரின்ஸ்பரோ என்றொரு கற்பனைப் புறநகர், அதில் ராம்சே தெரு என்று ஒரு முட்டுச்சந்து, அந்தத் தெருவில் வாழும் குடும்பங்கள். அவ்வளவுதான் கதை. 37 வருடம் ஓடியிருக்கிறது. அன்றைக்கு 8,903ஆவது எபிசோடு. ஆஸ்திரேலிய நாடகம்தான் என்றாலும் பெரும் பணம் வந்துகொண்டிருந்தது பிரிட்டனிலிருந்து. அங்கே ஒளிபரப்பிவந்த சானல் 5 விலகிக்கொண்டதும் இதை நடத்த முடியாமல் போய்விட்டது. இதையெல்லாம் விளம்பர இடைவேளையில் அவர்தான் சொன்னார்.

ஏழரைக்கு ஆரம்பித்தது. எனக்கு யார் யாருக்கு என்ன உறவு என்று ஒன்றும் புரியவில்லை. தெருவில் கல்யாணக் கொண்டாட்டம். ஆனால் வீடுகளின் வாசலில் விற்பனைப் பலகை. எல்லோரும் விற்றுவிட்டுக் கிளம்பும் யோசனையில் இருக்கிறார்கள். பழைய ஆட்கள் ஒவ்வொருவராகத் தெருவுக்குத் திரும்பி வர வர, இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு யார் என்று சொல்வார். ஒரு காரில் பாடகி கைலி மினோகும் நடிகர் ஜேசன் டோனவனும் வந்தபோது எழுந்தே நின்றுவிட்டார். நாடகத்தில் அவர்கள்தான் சார்லீனும் ஸ்காட்டும். 1987இல் அவர்கள் கல்யாணம் டிவியில் நடந்தபோது இவருக்கு மகன் வயிற்றில் இருந்தானாம். அடுத்த வருடம் பிரிட்டனில் அதே கல்யாணத்தை 2 கோடிப் பேருக்குக் கொஞ்சம் குறையப் பார்த்தார்கள் என்பதைச் சொந்த வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த கூட்டம் மாதிரி பெருமையாகச் சொன்னார்.

கடைசியில் சூசன் என்ற பாத்திரம் தெருவில் நடந்தபடி எல்லோரையும் பார்க்கிறார். உயிரோடு இருப்பவர்களுக்கு நடுவில், கதையில் செத்துப்போனவர்களும் வந்து நிற்கிறார்கள். அந்த இடத்தில் இவர் விம்மி விம்மி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அதில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது ராம்சே தெருவை அல்ல, 2009 டிசம்பரை.

பாளையங்கோட்டையில் அன்றைக்கு 'கோலங்கள்' கடைசி எபிசோடு. 2003இல் தொடங்கி ஆறு வருடம் ஓடிய நாடகம். சரியாகப் பார்த்து கரண்ட் போய்விட்டது. அந்த வருடங்களின் மின்வெட்டு யாருக்கு மறக்கும்? தெருவிலேயே இன்வெர்ட்டர் இருந்தது எதிர் வீட்டு அத்தை வீட்டில் மட்டும்தான். ஆச்சியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு ஓடினோம். ஒரே அறையில் பதினைந்து பேர், வாசற்படியில் நாலு பேர். நாயகி அபி முகம் வாடினால் அறை முழுக்க "உச்" கொட்டும். ஆதி வந்தால் போதும், ஆச்சி "நாசமாப் போறவன்" என்று ஆரம்பித்துவிடுவாள். தொல்காப்பியனாக வந்தவரே டைரக்டரும் என்பதால், "இவன்தானே கதைய எழுதுதான், அந்தப் பிள்ளைய இன்னும் ஏன் அழ வைக்கான்?" என்று அவருக்கும் ஒரு திட்டு. நைட் டூட்டியில் இருந்த அப்பா செல்போனில் கூப்பிட்டார். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "பக்கத்துல எதிர் வீட்ல இருக்கேன், நாடகம் ஓடுது, அப்புறம் பேசுதேன்." வைத்துவிட்டாள். முடிந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை. அத்தை கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். பத்தரை மணிவரைக்கும் அபியின் வாழ்க்கையைப் பற்றித்தான் பேச்சு. அடுத்த திங்கட்கிழமை அதே நேரத்துக்கு ஆச்சி டிவி முன்னால் வந்து உட்கார்ந்து, வேறு நாடகம் ஓடுவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மெல்பர்னில் டிவியை அணைத்ததும் அறை திடீரென்று அமைதியாகிவிட்டது. நாங்கள் இரண்டு பேர், ஒரு ஹீட்டர் சத்தம். "எங்கள் சின்ன வயதில் இந்தத் தெருவும் இப்படித்தான் இருந்தது" என்றார் அவர். "பின்வாசல் வழியாக யார் வீட்டுக்கும் போவோம்." இப்போது அந்தப் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாதாம்.

அதுதான் என்னைக் குடைந்தது. இந்த ஊர்மேல் எனக்கு இருக்கும் பெரிய வருத்தமும் அதுவே. குளிர் பழகிவிட்டது, சாலை விதி பழகிவிட்டது, நல்ல கறிவேப்பிலை கிடைக்கும் கடைகூடத் தெரிந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இருமும் மனிதரின் முகம் தெரியாமல் வாழ்வது மட்டும் பழகவில்லை. ஊரில் தாளிக்கும் வாசம் போனாலே "இன்னைக்கு என்ன, புளிக்குழம்பா?" என்று குரல் வரும். இங்கே மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை. வழியில் பார்த்தால் வாய்நிறையச் சிரிக்கிறார்கள். ஆனால் அழைக்காமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. அதனால்தான் அழைக்காமல் உள்ளே வரும் ஒரு தெருவை 37 வருடம் டிவியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அது போனதும் இவர்கள் அழுதது அக்கம்பக்கத்துக்காக.

மறுநாள் நூலகத்தில் இதே பேச்சுதான். மைக்கும் ஜேனும் இத்தனை வருடம் கழித்துச் சேர்ந்துவிட்டார்கள் என்று ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கைலி ஒன்றிரண்டு வார்த்தைதானே பேசினார் என்று இன்னொருவருக்கு மனத்தாங்கல். முன்பின் தெரியாத அவர்கள் இருவரும் மேசையருகே நின்று அரை மணி நேரம் பேசினார்கள். அப்படி ஒரு காட்சியை நான் இந்த ஊரில் அதுவரை பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு வெர்மான்ட் சவுத் போனோம். 75ஆம் எண் டிராம் கடைசியாக நிற்கும் இடம். அங்கே பின் ஓக் கோர்ட் என்ற நிஜத் தெருவில்தான் ராம்சே தெருவைப் படம் பிடித்தார்கள். டிவியில் பார்த்ததைவிடச் சின்னத் தெரு. நிஜக் குடும்பங்கள் வசிக்கின்றன. ஒரு வீட்டு வாசலில் மஞ்சள் மூடிக் குப்பைத்தொட்டி, அதன்மேல் ஒரு சிறுவனின் ஹெல்மெட். பக்கத்து வீட்டு அம்மா எந்த வீட்டையும் தொடவில்லை, படமும் எடுக்கவில்லை. தெருமுனையில் நின்று, துஷ்டி வீட்டு வாசலில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, போகலாம் என்றார்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆறரை. நெய்பர்ஸ் வரும் நேரம். எனக்கு ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது. சுண்டலை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினேன். டிவி அணைந்திருந்தது. அதற்கு எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறார், மடியில் போர்த்திய கம்பளி அப்படியே நாற்காலியில் கிடந்தது. சுண்டலில் இருந்த தேங்காயைத் தனியே எடுத்து முதலில் தின்றார். அப்புறம் திங்கட்கிழமை ஆறரை என்பது எங்கள் இருவருக்கும் வழக்கமாகிவிட்டது.

அடுத்த வருடம் செப்டம்பரில் அமேசான் தயவில் ராம்சே தெரு திரும்பி வந்தது. 2025 டிசம்பரில் மறுபடி முடித்தார்கள். இந்த முறை டிஷ்யூ பெட்டியை நான் கொண்டுபோனேன். இப்போது எனக்கும் அந்தத் தெருவில் யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியும். கடைசிக் காட்சி நெருங்கும்போது என் போன் அடித்தது. ஊரிலிருந்து அம்மா.

"பக்கத்து வீட்ல இருக்கேம்மா, நாடகம் ஓடுது, அப்புறம் பேசுதேன்."

அந்தப் பக்கம் அம்மா ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, பாரு, பாரு" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.