களரிக்கு ஒவ்வொருவராக வந்த ஜி.ஐ. ஜோ

படைவீரர்களைப் பற்றிய நெடிய சித்திரக்கதைத் தொடரொன்றை மீண்டும் முதலாவது இதழிலிருந்து தொடங்குவது இலகுவான காரியமல்ல. பழைய வாசகர்கள் தாம் அறிந்த அத்தனை பேரையும் முதற் பக்கத்திலேயே எதிர்பார்ப்பார்கள். புதிதாக வருபவர்களுக்கோ அந்தக் கூட்டத்தில் எவர் எவரென்றே பிடிபடாது. அமெரிக்கச் சித்திரக்கதை வெளியீட்டகமான ஸ்கைபவுண்ட், ஜி.ஐ. ஜோ என்ற படையணியின் தொடரை மீளத் தொடங்கிய விதம் இந்தச் சிக்கலை அழகாகக் கடந்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

2023 ஜூனில் வெளியான வொய்ட் ரைவல்ஸ் என்ற விண்வெளிக் கதையின் முதலாவது இதழில் வாகனங்களாக உருமாறும் இயந்திர மனிதர்களின் கதையான ட்ரான்ஸ்போமர்ஸின் பாத்திரம் ஜெட்ஃபயர் எதிர்பாராமல் தலைகாட்டியபோதுதான், எனர்ஜான் யூனிவர்ஸ் என்ற பொதுக் கதையுலகம் பிறந்திருப்பது வாசகருக்குத் தெரியவந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் டேனியல் வொரன் ஜோன்சனின் ட்ரான்ஸ்போமர்ஸ் தொடங்கி, 2024இல் சிறந்த தொடருக்கான ஐஸ்னர் என்ற அமெரிக்கச் சித்திரக்கதை விருதையும் பெற்றது. ஆனால் இந்த உலகத்துக்குள் ஜி.ஐ. ஜோ என்ற பெயரில் தொடர் வருவதற்கு 2024 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குமுன் ஜோ அணியின் டியூக், ஸ்கார்லெட், அவர்களின் எதிரிகளான கோப்ரா கமாண்டர், டெஸ்ட்ரோ ஆகிய நால்வருக்கும் தலா ஐந்து இதழ்கள் ஒதுக்கப்பட்டன. மட்டக்களப்பில் வட்டக்களரி என்ற வட்டமான ஆடரங்கைச் சுற்றியிருந்து கூத்துப் பார்த்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய வரவுத் தரு என்ற வருகைப் பாட்டோடும் தாளத்தோடும் வந்து, தான் இன்னாரென்று ஆடிக் காட்டிய பிறகுதான் கதை இறுகத் தொடங்கும்; அரசனின் வரவு நீண்டாலும் சபை பொறுமையோடு பார்த்திருக்கும்.

நால்வரிலும் என்னை ஆழமாகத் தொட்டது டியூக்கின் கதை. ஜோஷுவா வில்லியம்சன் எழுத, டொம் ரைலி வரைந்து 2023 டிசம்பரில் அது வெளிவரத் தொடங்கியது. போர் விமானமொன்று இராட்சத இயந்திர மனிதனாக உருமாறி டியூக்கின் தோழனைக் கொன்றதை அவன் கண்ணால் காண்கிறான். பல பதக்கங்கள் பெற்ற வீரன்தான். ஆயினும் அவன் கண்டதைச் சொன்னபோது, அதை மறந்துவிட்டு வேலையைப் பார் என்பதே மேலிடத்திலிருந்து வரும் பதில். தான் உயிரைக் கொடுத்து நம்பிய அமைப்பே தன் சாட்சியத்தை ஏற்க மறுக்கும்போது ஒரு மனிதனுக்குள் என்ன நிகழ்கிறது என்பதைத்தான் அந்த ஐந்து இதழ்களும் பேசுகின்றன. கண்டதைச் சொல்லியும் நம்பப்படாமல் போவதன் வலியை எங்கள் மாவட்டத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இயந்திர மனிதர்கள் உலவும் கதையாக இருந்தும் அது எனக்கு அந்நியமாகப் படாததற்குக் காரணம் அதுவே.

இந்தக் கனத்துக்கு ஒரு மூலம் உண்டு. 1982இல் ஹஸ்ப்ரோ நிறுவனத்தின் பொம்மைகளை விற்பதற்காக மார்வெல் தொடங்கிய தொடரை எழுத வந்தவர் லரி ஹாமா. அமெரிக்க இராணுவத்தின் பொறியியற் படையில் பணியாற்றியவர். 1994 வரை வெளிவந்த 155 இதழ்களில் பெரும்பாலானவற்றை அவரே எழுதினார். தொலைக்காட்சிக் கார்ட்டூனில் விமானம் சுடப்பட்டால் விமானி தவறாமல் பரசூட்டில் இறங்கிவிடுவான்; ஹாமாவின் 109ஆவது இதழிலோ கைதிகளாகப் பிடிபட்ட வீரர்கள் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். யுத்தத்தைப் பார்த்த மண்ணில் இருந்துகொண்டு யுத்தக் கதை படிப்பவனுக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

1984இல் வெளியான 21ஆவது இதழ் இன்னும் அரியது. வசனம், வருணனை, ஒலிச்சொல் எதுவுமே அதில் இல்லை. கோட்டைக்குள் சிறைப்பட்ட ஸ்கார்லெட்டை மீட்க ஜோ அணியின் நிஞ்சா வீரன் ஸ்னேக் ஐஸ் தனியே நுழைகிறான். அவளோ அவன் வருமுன்பே தன் கட்டுகளை அவிழ்த்துக்கொள்கிறாள். ஆங்கிலம் வாசிக்கப் பழகாத என் மருமகளுக்கு அதை டெப்பில் திறந்து கொடுத்தேன். அவள் ஒவ்வொரு கட்டத்திலும் விரலை வைத்து நிதானமாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசிப் பக்கத்தில் ஸ்னேக் ஐஸின் கையில் விரல் நின்றது. உடனே பின்னால் போய் எதிரணி நிஞ்சாவான ஸ்டோர்ம் ஷடோவின் கையைத் தேடிப் பிடித்துவிட்டு, "மாமா, ரெண்டு பேர்ட கையிலயும் ஒரே பச்சை குத்தியிருக்கு, அப்ப இவங்க சொந்தக்காரரா?" என்று கேட்டாள். பகைவர்கள் இருவருக்குமிடையில் ஒரு பழைய உறவு இருக்கிறதென்பதை ஹாமா ஒரு சொல்லுமின்றி அவளுக்குச் சொல்லிவிட்டார்.

புதிய தொடரில் எனக்கு ஒரு குறையும் உண்டு. கோப்ரா கமாண்டரை கோப்ரா-லா என்ற மறைவான நாகரிகத்திலிருந்து வந்தவனாகக் காட்டுவது, 1987ஆம் ஆண்டுக் கார்ட்டூன் திரைப்படத்திலிருந்து எடுத்த சரக்கு. பேச்சாலும் சூழ்ச்சியாலும் சாதாரண மக்களின் மனக்குறைகளைத் திரட்டிப் படையாக்கிய ஹாமாவின் வில்லன்தான் எனக்கு இன்றும் அதிக அச்சம் தருகிறான். ஆனாலும் வில்லியம்சன் அவனை ஈவிரக்கமற்றவனாக எழுதியிருக்கும் விதத்தில் தளர்ச்சியில்லை.

பழைய கதையும் முடிந்துவிடவில்லை. பின்னர் வேறொரு வெளியீட்டகத்தில் 300ஆவது இதழ் வரை நீண்ட அதனை, 2023 நவம்பரில் 301ஆவது இதழிலிருந்து ஹாமாவே ஸ்கைபவுண்டில், இந்தப் பொது உலகத்துக்கு வெளியே, தொடர்ந்து எழுத ஆரம்பித்தார். புதிதாக வருபவர்கள் அங்கே தொடங்க வேண்டாம். டியூக்கை முதலிலும் கோப்ரா கமாண்டரை அடுத்தும் படித்துவிட்டு அணியின் முதலாவது இதழுக்கு வாருங்கள். 1972இல் இரும்புக்கை மாயாவியைத் தமிழில் தந்த சிவகாசி, டியூக்கின் ஐந்து இதழ்களையும் ஒரே தொகுப்பாகத் தமிழில் கொண்டுவருமானால், மட்டக்களப்பில் முதற் பிரதியை வாங்குபவன் நானாகவே இருப்பேன்.