அப்பத்தாவின் காது

முகூர்த்த நாட்களை விட்டால் எங்கள் ஸ்டுடியோவில் கூட்டம் சேர்வது ஆடி, தை, மகாளய அமாவாசைகளுக்கு முன்னால்தான். படையல் போட வீட்டில் இறந்தவர் படம் வேண்டும். கொண்டுவருவதோ பழைய ரேஷன் கார்டில் ஒட்டியிருந்த தபால்தலை அளவுப் படம். அதுவும் பாதி நெற்றியில் சீல் விழுந்திருக்கும். ஸ்கேன் செய்து 12×18 அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்துபோகும். மிச்சத்தைக் கையால்தான் வரைந்து சேர்க்க வேண்டும். இப்போது ஏஐ செயலிகள் நொடியில் பளிச்சென்று ஒரு முகம் தருகின்றன. யாருடைய முகமோ! "இது எங்கய்யா இல்லண்ணே" என்று பிள்ளைகள் பார்த்ததுமே சொல்லிவிடுகிறார்கள்.

வருகிறவர்களில் சிலரை ஜோசியர் அனுப்பியிருப்பார். பித்ரு தோஷமாம், மகளுக்கு வரன் தட்டிப்போகிறதாம். திருப்புவனத்தில் வைகைக் கரையில் திதி கொடுத்துவிட்டுப் படத்தை மாட்டச் சொன்னாராம். புண்ணியத்தில் காசியைவிட ஒரு வீசம் (பதினாறில் ஒரு பங்கு) அதிகம் என்று பேரெடுத்த ஊர். எந்தச் சுவரில் மாட்டுவது, எப்போது பலன் தெரியும் என்று என்னிடம் கேட்பார்கள். (நான் பிரேம் போடுகிறவன்.) பட்டுச்சேலை, அட்டிகை, ரோஜா மாலை எல்லாம் போட்டுவிடச் சொல்வார்கள். வரம் கொடுக்கிறவர் வசதியாகத் தெரியவேண்டும் என்ற கணக்கோ என்னவோ. குறை சொல்லவில்லை, அவரவர் கவலை அவரவருக்கு.

இன்னும் சிலர் மானிட்டரை விட்டு நகரவே மாட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கத்து அக்கா ஒருவர் அப்பத்தா படத்தோடு வந்தார். தோளைத் தொடும் வளர்த்த காது, ஆனால் வெறுங்காது. வழக்கம்போல ஒரு ஜோடி தண்டட்டியை எடுத்து ஒட்டினேன்.

"அத எடுத்துருங்க தம்பி. எங்க அத்த கல்யாணத்துக்கு வித்துருச்சு. சின்னப்பிள்ளையில அந்தக் காதப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன்."

எடுத்தேன். மூக்கோரத்து மரு, புகையிலை அடக்கி உப்பிய கன்னம் என்று நான் திருத்தியதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தது. அமாவாசைக்கு ஏதும் வேண்டுதலா என்று கேட்டுவைத்தேன்.

"வேண்டுதல் என்ன தம்பி? அதுக்குப் பணியாரம்னா உசுரு. சுட்டு வைக்கிறப்ப எதிர்ல அது மொகம் இருக்கணும்ல."

அதற்குப் பிறகு பிரேமில் 50 ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் பேரம் பேசினார். குறைத்துத்தான் கொடுத்தேன்.