சாளக்கிராமத்துக்கு ஒரு நாள் கூடுதலாக

அம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்களான 108 திவ்ய தேசங்களின் பெயரையும் வரிசையாக எழுதி, சேவித்த தேதியைப் பக்கத்தில் குறித்து வைப்பாள். சோழ நாடு, பாண்டிய நாடு, மலைநாடு எல்லாம் அப்பா இருந்தபோதே முடித்தது. அஹோபிலமும் பத்ரியும் நான் கூட்டிப்போனவை. திருப்பாற்கடலும் பரமபதமும் இந்த உடம்போடு போகிற இடங்கள் இல்லை. ஆக, தேதி விழாமல் நின்றது ஒன்றுதான்: திருச்சாளக்கிராமம். இந்தியாவுக்கு வெளியே இருக்கும் ஒரே திவ்ய தேசம், நேபாளத்து முக்திநாத்.

நான் போட்ட முதல் திட்டத்தில் ஒரு மணி நேரம்கூட வீணாகாது. காட்மாண்டு, பசுபதிநாதர், பொக்ரா, ஜோம்சோம், முக்திநாத், திரும்பி வீடு, ஏழு நாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"ஏண்டி, மழையும் காத்தும் நம்ம டிக்கெட்டப் பாத்துண்டா வரும்? நடுவுல ஒரு நாள் சும்மா கெடக்கட்டும்."

ஹோட்டல் வாடகை வீண் என்று முனகிக்கொண்டேதான் சேர்த்தேன்.

இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது. 15 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் 65 கடந்தவர்களுக்கும்தான் அது செல்லும். அம்மாவுக்கு 67 என்றாலும் பாஸ்போர்ட்டே எடுத்துக்கொண்டோம். நம் 100 ரூபாய்க்கு அங்கே 160 ரூபாய், பல வருஷமாக மாறாத கணக்கு. பெட்டியில் பாதி இடத்தைப் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் பிடித்துக்கொண்டன. அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

டாக்டர் சொன்னதுதான் முக்கியம். பொக்ரா 800 மீட்டர் சொச்சம், ஜோம்சோம் 2,700, கோயில் 3,700-க்கும் மேலே. ஒரே மூச்சில் ஏறினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரும். அதனால் ஜோம்சோமில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலை மேலே போய்ச் சேவித்துவிட்டு அன்றைக்கே கீழே இறங்குவது என்று ஏற்பாடு. தலைவலி விடாவிட்டால் கோயில் கண்ணெதிரே இருந்தாலும் இறங்கிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பனி நீரில் குளியலும் கூடாது.

பொக்ராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானத்தில் இருபது நிமிஷம். ஒரு பக்கம் தௌலகிரி, மறுபக்கம் அன்னபூர்ணா, நடுவே காளிகண்டகி ஆறு. இறங்கியதும் எதிரே நிற்கிற பனிமலையைக் காட்டிப் பெயர் கேட்டேன். நீலகிரியாம்! உயரம் 7,000 மீட்டரைத் தாண்டும். "ஊட்டின்னு சொல்லு" என்றாள் அம்மா.

அங்கிருந்து ஜீப்பில் ராணிபௌவா. அதற்கு மேல் நடை, இல்லையென்றால் குதிரை. அம்மா குதிரையில் ஏறி, சேணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவள், இறங்கும்வரை திறக்கவில்லை.

கோயில் சின்னது, மூன்றடுக்குக் கூரை. உள்ளே ஸ்ரீமூர்த்திப் பெருமாள், இரு பக்கமும் தாயார்கள். அதே மூர்த்தியை பௌத்தர்கள் அவலோகிதேஸ்வரராக வணங்குகிறார்கள். புத்த பிக்குணிகளும் இங்கே கைங்கர்யம் செய்கிறார்கள். கோயிலின் பின்னால் உள்ள சுவரில் அரைவட்டமாக, பனி நீர் கொட்டும் 108 பசுமுகத் தாரைகள். இளவட்டங்கள் இடுப்புத் துண்டோடு ஒரு முனையில் புகுந்து அலறிக்கொண்டே மறுமுனையில் வெளியே வருகிறார்கள். நான் நாற்பதைத் தாண்டுவதற்குள் தலை மரத்துப்போனது. எண்ணிக்கையும் விட்டுப்போயிற்று.

அம்மா குளிக்கவில்லை என்றால் வருத்தப்படுவாளே என்று பயந்திருந்தேன். திருமங்கையாழ்வாரின் பத்துப் பாசுரங்களை முணுமுணுத்தபடி, ஒவ்வொரு தாரையிலும் மூன்று விரலை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டு நிதானமாக வந்தாள். கடைசியில் என் நடுக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள். "'சாளக்கிராமம் அடை நெஞ்சே'ன்னுதானே ஆழ்வார் பாடியிருக்கார்? உடம்பு நனையணும்னு எங்கேயாவது சொன்னாரா?"

பக்கத்தில் ஜ்வாலா மாயி சன்னிதி. பாறைக்குள்ளிருந்து வரும் இயற்கை வாயு சின்ன நீலச் சுடராக எரிகிறது, அருகிலேயே தண்ணீர் ஓடும் சத்தம். வெளியே கடைகளில் காளிகண்டகியில் கிடைத்த, பெருமாளாகவே பூஜிக்கிற சாளக்கிராமக் கற்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். உடைந்த ஒன்றின் உள்ளே சங்குபோலச் சுருள் சுருளாக வரி. இமயம் எழும்புமுன் அங்கே இருந்த கடலில் வாழ்ந்த உயிரின் அச்சு அது என்று படித்திருக்கிறேன். கையில் எடுத்துப் பார்த்தேன். அம்மா வாங்க விடவில்லை. "பெருமாளுக்கு வெல பேசப்படாது. யாராவது குடுத்தா வாங்கிக்கணும்."

மறுநாள் காலை ஜோம்சோமில் மேகம். அந்தப் பள்ளத்தாக்கில் முற்பகல் தாண்டினால் தெற்கிலிருந்து காற்று கிளம்பிவிடும். அதற்குள் விமானம் வராவிட்டால் அன்றைக்கு இல்லை. பதினோரு மணிக்குக் காற்று மண்ணை வாரி ஜன்னலில் அடித்தபோது ரத்து என்றார்கள். எங்களோடு இருந்த ஒரு குழு, மறுநாள் காலை காட்மாண்டுவில் சர்வதேச விமானம் பிடிக்க வேண்டியவர்கள், போனும் கையுமாக அலைந்தார்கள். நாங்கள் ஜீப் பிடித்தோம். தாதோபானி, பேனி வழியாகக் குண்டும் குழியுமாய் 160 கிலோமீட்டர். பொக்ரா வந்து சேர இரவு பத்து. அம்மா போட்ட அந்தச் சும்மா நாள் எங்கள் கையில் பத்திரமாக இருந்தது. ஜீப் முழுக்க அவள் அதைச் சொல்லிக்காட்டவே இல்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மறுநாள் முழுக்க ஃபேவா ஏரியைப் பார்த்தபடி தூங்கினோம். சாயங்காலம் அம்மா நோட்டை எடுத்து 'குரோதி வருஷம், சித்திரை 12' என்று எழுதினாள். பிறகு ஹோட்டல் சுவரில் தொங்கிய நேபாளக் காலண்டரைக் காட்டி, சேவித்த நாளுக்கு என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். விக்ரம வருஷம் 2081, வைசாக் 13.

"கடியாரமும் கால் மணி முன்னாடி, தேதியும் ஒரு நாள் முன்னாடி" என்றவள் கொஞ்சம் யோசித்து, அதையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொண்டாள்.