உன் காரா இருந்தா?

பட்டறையில் வேலை செய்கிறவனிடம் எல்லாரும் கேட்கிற கேள்விதான். "தம்பி, இது உன் காரா இருந்தா என்ன செய்வே?" கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய், பதில் தானாக வாயில் வந்துவிடும். ஜன்னல் கண்ணாடி ஏறி இறங்காத காரோடு வந்த அந்தப் பெரியவர் கேட்டபோதும் அப்படித்தான் வந்தது. "பழைய சாமானே போதுங்கய்யா" என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார். "அப்ப புதுசே போட்டுடு" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. சண்டையில்லை, சச்சரவில்லை, காசும் ஒழுங்காகக் கொடுத்தார். ஆனாலும் அந்த "அப்ப" மட்டும் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. நான் பழையது என்று சொன்னதால்தானே புதுசுக்குப் போனார்?

கணக்குப் பார்த்தால் என் பக்கம்தான் நியாயம். 10 வருஷம் முடிந்து, சி.ஓ.இ.யை, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கவேண்டிய உரிமைச் சான்றிதழை, 5 வருஷத்துக்குப் புதுப்பித்த கார். அப்படி 5 வருஷம் எடுத்துவிட்டால் மறுபடி நீட்டிக்க வழியில்லை. இன்னும் 7 மாதம், அப்புறம் உடைக்கிற இடத்துக்கோ கப்பலேறி வெளிநாட்டுக்கோ போகவேண்டியதுதான். 14 வயது தாண்டிய வண்டி என்பதால் சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதலாக வேறு கட்டுகிறார். அதில் கொண்டுபோய், கண்ணாடியை ஏற்றி இறக்குகிற ரெகுலேட்டரைப் புதுசாக வாங்க 300 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் போடுவார்களா? பழைய சாமான் 80 வெள்ளிக்குக் கிடைக்கும். கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி. சுவிட்சை அமுக்கினால் உள்ளே மோட்டார் கரகரவென்று சுற்றுகிறது, கண்ணாடி அசையவில்லை. மோட்டார் சத்தம் கேட்கிறபோது ஃபியூஸையும் வயரையும் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. டோர் பேனலைக் கழற்றி, கறுப்புப் பசையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்துப் பார்த்தேன். கேபிள் புரி பிரிந்து டிரம்மைச் சுற்றிச் சிக்கிக் கிடந்தது. கண்ணாடியின் அடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இரண்டாக விண்டிருந்தது. வண்டி எப்போதும் அவர் குடியிருக்கிற புளோக்குக்கு முன்னால் வெட்டவெளியில்தான் நிற்குமாம். வெயிலில் காய்ந்து காய்ந்து கண்ணாடி ஓடுகிற ரப்பர் அப்பளமாகியிருந்தது. ரப்பர் இறுகினால் கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும். மோட்டார் அதையும் மீறி இழுக்கும். கடைசியில் அடி வாங்குவது நடுவில் இருக்கிற கேபிளும் பிளாஸ்டிக்கும். இதை அவருக்கும் காட்டினேன். குனிந்து எட்டிப் பார்த்து, விரல் நுனியால் ரப்பரைத் தடவினார்.

என்னைக் குடைவது இதுதான். பழைய சாமான் எங்கிருந்து வருகிறது? இதே வயசுக் காரிலிருந்து. அதன் பிளாஸ்டிக்கும் இதே வெயிலில் காய்ந்ததுதான். மூன்றாவது மாதம் விண்டால் மறுபடி பேனலைக் கழற்றணும், மறுபடி கூலி. எனக்கு இது தெரியாதா? தெரியும். அவரிடமும் சொன்னேன். ஆனால் 80 வெள்ளியைச் சொன்ன குரலில் அதைச் சொன்னேனா என்று கேட்டால், தெரியவில்லை. குறைந்த விலையைச் சொல்கிற மெக்கானிக்குக் கேட்காமலே நல்லவன் என்று பேர் கிடைத்துவிடுகிறது. முதலாளி உள்ளே உட்கார்ந்திருக்கும்போது சொன்னால் தைரியசாலி என்ற பேரும் சேரும். இந்த ஆசை எனக்கு இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

இன்னொன்று. "உன் காரா இருந்தா" என்கிறார்கள். எனக்கு ஏது கார்? டார்மிட்டரியிலிருந்து பஸ் மாறி வருகிறவன். ஊரில் அப்பாவின் பழைய பைக் ஒன்று நிற்கிறது, அதற்கு எல்லாமே பழைய சாமான்தான். என் பையைத் தடவிப் பார்த்துவிட்டு அவருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அவர் வேறெதையோ கேட்டார். இந்த வண்டி இனி செலவு செய்யத் தகுந்ததுதானா என்று கேட்டாரோ என்னவோ.

கூட வேலை செய்கிற ஜொகூர்க்காரர் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தார். "அவரு காடி, அவரு காசு லா. நீ ஏன் மண்டையைப் போட்டு உடைச்சிக்கிறே?" சரிதான். புதுசு போட்டு, ரப்பர் முழுக்க சிலிக்கான் அடித்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிக் காட்டியபோது பெரியவரிடமே கேட்டுவிட்டேன், ஏனய்யா புதுசு என்று. "7 மாசமும் ஓட்டப்போறது நான்தானே" என்றார். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. சிரித்த மாதிரியும் இல்லை.

ஒன்று மட்டும் பிடிபட்டது. உடைக்கிற இடத்தில் எப்போதாவது புத்தம்புதுசு போல ஒரு ரெகுலேட்டர் கிடைக்கும், யோகம் என்று எடுத்து வருவோம். அது இவரைப்போல ஒருவர் கடைசிக் காலத்தில் மாற்றியதாகத்தான் இருக்கும். எல்லாரும் என் பேச்சைக் கேட்டால் நல்ல பழைய சாமானுக்கு நான் எங்கே போவேன்?

இப்போதெல்லாம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், "இன்னும் எத்தனை மாசம் ஓட்டுவீங்க? யார் ஓட்டுவாங்க?" என்று திருப்பிக் கேட்கிறேன். சிலர் உட்கார்ந்து விவரமாகச் சொல்கிறார்கள். சிலருக்கு எரிச்சல் வருகிறது, "கேட்டதுக்குப் பதிலைச் சொல்லு தம்பி" என்கிறார்கள். அவர்களுக்கு இன்னமும் பழைய சாமானைத்தான் சொல்கிறேன், முதலாளி காதில் விழாமல்.