வயலின் வந்துவிட்டது, வாத்தியார்தான் வரவில்லை

இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இசைக்கருவி வாங்கித் தர ஆள் கிடைப்பது எங்கள் பக்கம் பெரிய கஷ்டமே இல்லை. ராமேஸ்வரத்துக்குச் சாமி கும்பிட வருகிறவர், வளைகுடாவில் சம்பாதிக்கிற கீழக்கரைக்காரர், சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கும் ஏதோ ஒரு கம்பெனியின் ஆட்கள் என்று யாராவது அவ்வப்போது வயலினோ கீபோர்டோ கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். பிளெக்ஸ் கட்டுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு கருவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுப்பார்கள். நல்ல மனசுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த வாரம் அதை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுக்க யார் வருவார் என்று அந்த மேடையில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் விழா கெட்டுவிடும்.

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்தில் இப்படி வந்த வயலின்கள் ஒரு இரும்பு பீரோவில் கிடக்கின்றன. அங்கே நடக்கும் சாயங்கால வகுப்புக்கு ஒத்தாசையாகப் போய் வருகிறவன் என்பதால் அந்த பீரோவைத் திறப்பது பெரும்பாலும் நான்தான். கடல் கூப்பிடு தூரம். உப்புக்காற்று பீரோவையே தின்றுகொண்டிருக்கிறது, உள்ளே இருக்கும் தந்தியை விடுமா? இருப்பதிலேயே மெல்லிய தந்திதான் முதலில் போகும், தொட்டால் விரலில் பழுப்பாக ஒட்டும், சுருதி கூட்டத் திருகினால் பட்டென்று அறுந்து கையில் அடிக்கும். தந்தியை முறுக்கும் பிரடை மழைக்காலத்தில் ஊறி அசையாது, பங்குனி வெயிலில் காய்ந்து நிற்காமல் வழுக்கும். தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்ந்துவிட்டால் நிமிர்த்தி வைக்கத் தெரிந்தவர் அக்கம்பக்கத்தில் இல்லை. மிருதங்கம் இன்னும் மோசம், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் தோல் தொய்ந்துபோய் வலது பக்கமான வலந்தலையில் சத்தமே எழும்பாது, தோலை இழுத்துக் கட்டும் வாரைப் பிடிக்க வேண்டுமென்றால் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அதோடு அன்றைய பொழுது போயிற்று. இதற்கெல்லாம் எந்த நன்கொடைப் பட்டியலிலும் ஒரு வரி கிடையாது.

வளைகுடா நண்பர் ஒருவர் சமீபத்தில் பத்து கீபோர்டு அனுப்பட்டுமா என்று கேட்டார். நான் போட்ட கணக்கு இதுதான். சுமாரான கீபோர்டு ஒன்று பத்தாயிரம் என்று வைத்தாலும் பத்துக்கு ஒரு லட்சம். வாரம் இரண்டு சாயங்காலம் வந்து போகிற வாத்தியாருக்குப் பஸ் செலவோடு சேர்த்து மாதம் எட்டாயிரம் கொடுத்தால் வருடத்துக்கு 96,000. அதாவது அவர் கொடுக்க நினைத்த அதே காசில் ஒரு மனுஷரை ஒரு வருடம் வரவழைக்கலாம். "அண்ணே, அதுல காட்டுறதுக்கு ஒண்ணும் இருக்காதே" என்றார். உண்மைதான், சம்பளத்தைப் போட்டோ எடுக்க முடியாது.

இப்படி ஆளுக்குக் காசு கொடுப்பது ராமநாதபுரத்துக்குப் புதுசும் இல்லை. பாடகர் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரை ராமநாதபுரம் அரண்மனைச் சேதுபதிகள் ஆஸ்தான வித்வானாக வைத்துக் காப்பாற்றினார்கள். தம்புராவைக் கையில் கொடுத்து அனுப்பிவிடவில்லை, ஆளுக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். கவலை இல்லாதவரிடம்தான் சீடர்கள் உட்கார முடியும், அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், இன்றைக்கு நாம் கேட்கும் கச்சேரியின் வடிவமே அவர் கைபட்டு வந்தது என்பார்கள். மிருதங்கத்தில் சி.எஸ். முருகபூபதி இந்த ஊர்க்காரர். அப்துல் கலாம் வீணை வாசிப்பார் என்பது ஊர் அறிந்தது. சரி, அரண்மனைக் காசு எந்தத் தெரு வரைக்கும் வந்தது, எந்தத் தெருவில் நின்றுவிட்டது என்பது வேறு கதை, அதைப் பேசாமல் பெருமை மட்டும் பேசுவதில் எனக்கு இஷ்டமில்லை. கடற்கரைக் குப்பங்களுக்கு அது வரவில்லை.

ஆனால் குப்பத்தில் பாட்டு இல்லாமலா இருந்தது? கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவார்கள், ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடிக்கொண்டே வடம் இழுப்பார்கள், கால் ஒரே நேரத்தில் மண்ணில் ஊன்றும். மாதா கோயிலில் பாடகர் குழு இருக்கிறது, ஆர்மோனியம் போய் இப்போது கீபோர்டு. ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழாவில் கொட்டுச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே இசையே தெரியாத பிள்ளைகளுக்கு இசையைக் கொண்டுவந்து ஊட்டுகிறோம் என்ற மிதப்போடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். எங்கள் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், எட்டாவது படிக்கிறாள், முதல் நாள் ஆரம்பப் பாடமான சரளி வரிசை சொல்லிக்கொடுத்தபோது மூன்றாம் காலம் என்கிற வேகம் வரை தடுமாறாமல் வந்தாள். எப்படி என்று கேட்டால், ஞாயிறு பூசையில் பாடி மூச்சுப் பிடிக்கப் பழகியிருக்கிறாளாம். இன்னொரு பொடியன், மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் வாத்தியார் ரவையைப் பிசைந்து அப்புவதை உற்றுப் பார்த்துவிட்டு "உப்புமாவா சார்?" என்றான். அவனுக்கு அன்றைக்குப் பசி. நாலரை மணிக்குப் பள்ளியிலிருந்து நேராக வருகிற பிள்ளைக்கு ஒரு கிண்ணம் சுண்டல் கொடுக்காமல் தாளம் போடச் சொன்னால் எப்படிப் போடும்? சுண்டலுக்குக் காசு கொடுத்தவர் ஒரு மீன் கம்பெனிக்காரர், பெயர் போடக் கூடாது என்றார். என் கணக்கில் இதுவரை வந்த நன்கொடையிலேயே அதிக வேலை செய்தது அந்தச் சுண்டல்தான்.

வெளிநாட்டு உதாரணம் கேட்பவர்களுக்காக. வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975-இல் கராகஸ் நகரத்தில் ஒரு கார் ஷெட்டில் பதினொரு பேரோடு ஆரம்பித்ததுதான் எல் சிஸ்தெமா, இலவச இசைப் பயிற்சி, பள்ளி விட்டதும் நேராக வந்து பல மணி நேரம் சேர்ந்து வாசிப்பது. உலகப் புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் குஸ்தாவோ துதமெல் அங்கிருந்து வந்தவர். ஆட்சிகள் மாறினாலும் அரசாங்கப் பணம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது என்பதுதான் அதில் நான் பார்க்கும் விஷயம். உண்மையான ஏழைப் பிள்ளைகளை அது எந்த அளவுக்குத் தொட்டது, கண்டிப்பு அளவு மீறியதா என்றெல்லாம் விமர்சனமும் உண்டு. நம் சென்னையிலேயே ஏ.ஆர். ரகுமான் அறக்கட்டளையின் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுத்தருகிறது. 2015-இல் அங்கேயே ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவர் குப்பத்தில் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் இசை விழா நடத்தினார்கள். சென்னையில் தெருவுக்கு ஒரு வாத்தியார், சபாவுக்கு ஒரு புரவலர். பாம்பனைத் தாண்டி யார் வருவார்?

இங்கேதான் எனக்கு ஒரு யோசனை இருக்கிறது, புதுசொன்றும் இல்லை. ராமநாதபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று மூன்று வருடப் படிப்பு, கட்டணம் பெயருக்குத்தான். தங்கச்சிமடத்துப் பிள்ளை தினமும் அங்கே போய் வர முடியாது, ஒரு வழிக்கே பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல், பெண் பிள்ளை என்றால் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். ஆனால் அங்கே படித்து முடித்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் எத்தனையோ பேர் செல்போன் கடையிலும் ஜவுளிக்கடையிலும் நிற்கிறார்கள், கல்யாண சீசனில் மட்டும் தவிலைத் தோளில் மாட்டுகிறார்கள். அவர்களைப் பிடித்து மாதச் சம்பளம் பேசி இந்தக் குப்பங்களுக்கு அனுப்பினால் போதும். எங்கள் வகுப்புக்கு வருகிறவரும் அப்படிப்பட்டவர்தான். பழைய பாம்பன் ரயில் பாலம் மூடி ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லாமல் கிடந்த காலத்தில், அதாவது 2022 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். மூன்று மாதம் சம்பளம் பாக்கி விழுந்தபோதும் வந்தார், அப்புறம் வரவில்லை, அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காசு திரட்டிப் பாக்கியைக் கொடுத்த பிறகு மறுபடி வருகிறார்.

கம்பெனிகளுக்கு ஏன் இது பிடிப்பதில்லை என்றும் புரிகிறது. கம்பெனிச் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேலான நிறுவனங்கள் முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும், கல்வியும் பாரம்பரியக் கலையும் அந்தப் பட்டியலில் வருகின்றன. ஆனால் மார்ச் நெருங்கும்போது செலவு காட்ட வேண்டும் என்றால் பில் போட்டு வாங்கக்கூடிய பொருள்தான் சுலபம். தொடர் திட்டம் என்று காட்டினால், ஆரம்பித்த நிதியாண்டு போக மேலும் மூன்று வருடம் வரை நீட்டிக்க விதியிலேயே இடம் இருக்கிறது. ஒரு பிள்ளை ஆரம்பப் பாடங்களை முடித்து வர்ணம் வாசிக்கும் அளவுக்கு வர அந்தக் காலம் போதும். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

தனியாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன், மொத்தமாக ஒரு முறை கொடுப்பதைவிட மாதாமாதம் கொஞ்சம் கொடுங்கள். நன்கொடைக்கு வருமான வரிவிலக்குப் பதிவு உள்ள அறக்கட்டளை என்றால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிவிலக்கு கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது.

அப்புறம் நேரம். ஒரு முறை வெளியூரிலிருந்து வந்த ஒரு குழு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு வைத்தது. நகரத்துப் பிள்ளைகளுக்கு அது தோதான நேரம்தான். இங்கே விசைப்படகு திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும், சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில்தான் கரை பிடிக்கும், அம்மாமார்கள் மீன் தரம் பிரிக்கவும் ஏலத்துக்கும் போய்விடுவார்கள், மூத்த பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மிச்சமிருப்பவர்கள் பூசைக்குப் போவார்கள். யாரும் வரவில்லை. "இவங்களுக்கு ஆர்வம் இல்ல" என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்பா எல்லை தாண்டினார் என்று இலங்கைச் சிறையில் இருக்கிற வீட்டிலிருந்தும் பிள்ளை கொஞ்ச நாள் வராது, பெயரை அடித்துவிடக் கூடாது, இடத்தை அப்படியே வைத்திருந்தால் அப்பா வந்ததும் தானாக வரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அதிலேயே வரும், பிள்ளைகள் சும்மா இருப்பார்கள், வீட்டில் காசு இருக்காது. வருடத்தில் எந்த மாதம் சம்பளப் பணம் கட்டாயம் வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு மாதத்தைச் சொல்வேன், ஏனென்றால் ஊரில் வசூல் கேட்க முடியாத காலம் அதுதான், அதிக நாள் வகுப்பு நடத்தக்கூடிய காலமும் அதுதான். பிள்ளைகளை மேடையேற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தனியாக மண்டபம் பிடிக்க வேண்டாம். கோயில் திருவிழாவிலோ சந்தனக்கூட்டிலோ அரை மணி நேரம் கேட்டு வாங்கிவிடலாம், மைக் செட் ஏற்கனவே கட்டியிருக்கும், கூட்டத்துக்கும் சொல்லியனுப்ப வேண்டியதில்லை.