குழந்தையின் நெஞ்சில் கேட்ட சத்தம்

போன ஆவணியில் மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். நாலு வயது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊரில் இல்லாததால் வேறொரு கிளினிக்குக்குப் போனோம். அங்கே இருந்தவர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து, நகர்த்தி, மறுபடி அதே இடத்துக்கு வந்து கேட்டுவிட்டு, "மர்மர் மாதிரி இருக்கு, ஒரு எக்கோ எடுத்துப் பாத்துடுங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். என்ன, ஏது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலத்துக்குள் "ஹார்ட்டுல ஓட்டையாம்" என்று நாத்தனார் வரை செய்தி போய்விட்டது. ஓட்டை என்று யாருமே சொல்லவில்லை.

எக்கோவுக்கு, அதாவது இதயத்தைப் பார்க்கும் ஸ்கேனுக்கு, ஐந்து நாள் கழித்துத்தான் தேதி கிடைத்தது. அதுவரை அவளை ஓட விடவில்லை, படி ஏற விடவில்லை, ராத்திரி தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த ஐந்து நாளில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பதைத்தான் எழுதுகிறேன்.

மர்மர் என்பது நோயின் பெயர் இல்லை, ஒரு சத்தத்தின் பெயர். இதயத்தின் வால்வுகள் மூடும்போது வருவது லப்-டப். ரத்தம் சுழித்து ஓடுவதால் அதற்கிடையில் உஸ்ஸென்று இன்னொன்று கேட்டால் அது மர்மர். குழந்தைகளுக்கு நெஞ்சுச் சுவர் மெல்லியது, ரத்தம் வேகமாக ஓடும், அதனால் ஒரு கோளாறும் இல்லாத இதயத்தின் ஓட்டமே காதில் விழும். காய்ச்சலோ ரத்தசோகையோ இருந்தால் இன்னும் உரக்கக் கேட்கும். பாதிக் குழந்தைகளுக்காவது வளரும் வயதில் எப்போதாவது இப்படிக் கேட்கும் என்கிறார்கள். பிறவியிலேயே இதயக் கோளாறோடு பிறப்பது 1,000 குழந்தைகளில் 8, 9 பேர்தான்.

என் மகளுக்கு இருந்தது ஸ்டில் மர்மர், கோளாறு எதுவும் இல்லாத வகை. ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டில் என்ற இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர் 1909இல் இதை விவரித்தார், இழுத்துக் கட்டிய நூலைச் சுண்டினால் வருகிற ஒலி போல இருக்கும் என்று. இதய டாக்டர் அவளைப் படுக்கவைத்துக் கேட்டார், உட்காரவைத்துக் கேட்டார், நிற்கவைத்துக் கேட்டார். நின்றதும் சத்தம் அடங்கிவிட்டது. அதிலேயே அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது, எக்கோ அதை உறுதிப்படுத்தியது. எக்கோவும் கர்ப்பத்தில் நாம் எடுத்த ஸ்கேன் போலத்தான், ஜெல் கொஞ்சம் ஜில்லென்று இருக்கும், வலியில்லை, கதிர்வீச்சும் இல்லை.

அண்ணன் மகன் கதை வேறு. அவனுக்கு நிஜமாகவே ஓட்டை, இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் உள்ள சுவரில். பிறந்த அன்று சத்தமே இல்லை, ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போனபோது பலமாகக் கேட்டது. "பொறந்தப்போ எல்லாம் நார்மல்னுதானே சொன்னாங்க" என்று அண்ணி கோபப்பட்டார். ஆனால் முதல் டாக்டர் மேல் தப்பில்லை. பிறந்தவுடன் நுரையீரல் பக்கம் அழுத்தம் அதிகம், அதனால் ஓட்டை வழியாக ரத்தம் அவ்வளவாகப் பாயாது. சில வாரங்களில் அந்த அழுத்தம் இறங்கிய பிறகுதான் பாயும், சத்தமும் வரும்.

அப்புறம் இன்னொன்று, எனக்கு ரொம்ப வியப்பாக இருந்தது இதுதான். சத்தம் பெரிதென்றால் ஆபத்து பெரிதென்று அர்த்தமில்லை. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறும், விரலை எடுத்தால் சத்தமில்லாமல் கொட்டும். அவனுடையது சின்ன ஓட்டை, அதனால்தான் அவ்வளவு சத்தம். மூன்று வயதுக்குள் தானாகவே மூடிக்கொண்டது. பெரிய ஓட்டை அமைதியாகவே இருக்கலாம்.

அதனால் சத்தத்தைவிடக் குழந்தையைப் பாருங்கள். பால் குடிக்கும்போதே நெற்றி வியர்க்கிறதா (நம் வீடுகளில் சூட்டு உடம்பு என்று விட்டுவிடுவோம்), இரண்டு வாய் குடித்ததும் களைத்து விட்டுவிடுகிறதா, மூச்சு வேகமாக வாங்குகிறதா, எடை ஏறவில்லையா, உதடும் நாக்கும் நீலம் பாய்கிறதா. கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் ஓடும்போது மயங்கி விழுவது. குடும்பத்தில் யாராவது இளம் வயதிலேயே திடீரென்று இறந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தொண்டைவலி வந்து, சில வாரம் கழித்து மூட்டு வீங்கி, கூடவே புதிதாக மர்மர் கேட்டால் அது வாதக் காய்ச்சலாக இருக்கலாம். அது வால்வையே கெடுத்துவிடும். அதற்கு 3 வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி, வருஷக்கணக்கில், விடாமல் போட வேண்டியிருக்கும்.

டாக்டர் மர்மர் என்று சொன்னால் எழுந்து வராதீர்கள். சாதாரணமானதா, கோளாறு என்று சந்தேகப்படுகிறீர்களா, விளையாட விடலாமா, மறுபடி எப்போது காட்ட வேண்டும், இவ்வளவையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

எக்கோ எடுத்த அன்றைக்கே மகளை ஓட விட்டேன். எக்கோ ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து போனில் வைத்திருக்கிறேன். புதிதாக யாரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டிவிடுகிறேன். அவர்களும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, "ஆமா, இருக்கு" என்று தலையாட்டிவிட்டுத் தொண்டையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.