தரங்கிணியில் பாய்மரம் ஏறப் போகிற கடெட்டுகளுக்கு

1997 நவம்பரில் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். தரங்கிணி கோவா கப்பல்கட்டும் தளத்தில் உருவானது, கொச்சியிலிருந்து இயங்குகிறது. 54 மீட்டர் நீளம், மூன்று பாய்மரம், 20 பாய். முன்னிரண்டு மரங்களில் சதுரப் பாய்கள், பின்மரத்தில் நீளவாட்டுப் பாய்கள். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு மேலே ஏறுவதுதான் பெரிய கவலை. உண்மையில் வேலையில் பெரும்பகுதி டெக்கிலேயே, கயிற்றோடுதான்.

முதலில் கயிறுகளின் இடம் மனதில் பதிய வேண்டும். இடப்பக்கம் எந்த வரிசையோ, பெரும்பாலும் வலப்பக்கமும் அதே வரிசை. ஆகவே ஒரு பக்கத்தை ஒழுங்காகப் படித்தால் பாதிச் சுமை குறையும். வெளிச்சமில்லாமல் தொட்டுப் பார்த்தே கயிற்றைச் சொல்ல வர வேண்டும், ஏனென்றால் இரவு வாட்சில், அதாவது இரவுப் பணிமுறையில், தவறான கயிற்றை விட்டால் மேலே இருப்பவர்தான் அடிபடுவார். கயிறு மாட்டும் முளையான பெலேயிங் பின்னில் கட்டும்போது அடியில் ஒரு சுற்று, பிறகு எட்டு வடிவில் சுற்றுகள். கடைசியில் முடிச்சு வேண்டாம். பாரம் ஏறி இறுகினால் அவசரத்துக்கு அவிழாது.

ஏறுவது எப்போதும் காற்று வரும் பக்கத்தில். கப்பல் மறுபக்கம் சாய்ந்திருப்பதால் சரிவு குறைவு, காற்றும் ஆளைக் கயிற்றோடு சேர்த்து அழுத்தும். கையால் பிடிப்பது ஷ்ரௌடை, அதாவது மரத்தைத் தாங்கி நெடுக்காக நிற்கும் கயிற்றை மட்டுமே. குறுக்குப் படிகள் காலுக்கு. படி அறுந்தாலும் ஷ்ரௌட் தாங்கும். உடுப்பின் பைகள் காலியாக இருக்கட்டும், கத்தி லேன்யார்டில், அதாவது உடம்போடு கட்டிய சிறு கயிற்றில் தொங்கட்டும்.

குறுக்குக் கட்டையில், அதாவது யார்டில், காலுக்கு இருப்பது ஒரு கயிறுதான். ஒருவர் அதில் கால் வைத்தால் ஏற்கெனவே நிற்பவரின் கால் சட்டென்று எழும்பும். அதனால் கால் வைக்கும் முன் குரல் கொடுங்கள். ஹார்னஸை, அதாவது பாதுகாப்புப் பட்டையை மாட்டிவிட்டுத்தான் பாயைத் தொட வேண்டும்.

பாயைச் சுருட்ட, டெக்கில் இருப்பவர்கள் முதலில் ஷீட்டை (பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு) தளர்த்தி, கிளூலைன் (கீழ்மூலையை மேலே தூக்கும் கயிறு), பன்ட்லைன் (கீழ்விளிம்பைத் தூக்கும் கயிறு) இரண்டையும் இழுத்துப் பாயை யார்டுக்குக் கொண்டுவர வேண்டும். இதை அரைகுறையாக விட்டால் மேலே போனவர்கள் காற்று நிறைந்த பாயோடு மல்லுக்கட்டுவார்கள். கைப்பிடி கைப்பிடியாக மேலே இழுத்து, இறுகச் சுருட்டி, கேஸ்கெட் என்ற கட்டுக்கயிற்றால் கட்டவும். தொங்கும் மடிப்பு ஒன்று போதும், காற்று புகுந்து ஊதி, சுருட்டிய பாய் முழுவதையும் உதறி அவிழ்த்துவிடும்.

கப்பலைக் காற்றுக்கு எதிராகத் திருப்பும் டேக்கிங்கில்தான் நேரக் கணக்கு முக்கியம். சதுரப் பாய்க்கப்பல் காற்றுக்கு 60 டிகிரிக்கு உள்ளே சுலபமாக நெருங்காது. எஞ்சிய கோணத்தை ஓட்ட வேகத்தால்தான் கடக்கிறது. சுக்கானை மெல்லத் திருப்பவும். சட்டென்று முழுதும் திருப்பினால் அதுவே பிரேக்காகிவிடும். முகப்புப் பாய்களின் ஷீட்டை விட்டு, பின்மரத்துப் பாயைக் காற்றுப் பக்கம் இழுக்க வேண்டும். முகப்பு காற்றுக்கு நேராக வரும் தறுவாயில் நடுமரத்து யார்டுகளைத் திருப்பவும். முன்மரத்துப் பாய்கள் பின்னோக்கி அழுந்தி முகப்பைத் தள்ளிக்கொடுக்கும். கப்பல் காற்றைக் கடந்த பிறகே முன்மரத்து யார்டுகளைத் திருப்ப வேண்டும்.

வேகம் போதாமலோ, அலை முகப்பில் மோதியோ, நடுமரத்தை முந்தித் திருப்பியோ கப்பல் பாதியில் நின்றுபோவதுண்டு. பின்னோக்கி நகரத் தொடங்கினால் சுக்கானை எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். காற்று மந்தமாகவோ கடல் கொந்தளிப்பாகவோ இருந்தால் பின்பக்கமாகச் சுற்றித் திரும்பும் வேரிங்தான் நல்லது. கொஞ்சம் தூரம் இழப்போம், அவ்வளவே. காற்றடிக்கும் திசையில் கரை கிட்டத்தில் இருந்தால் மட்டும் அதற்கு இடம் இருக்காது.